முழங்காலில் வைத்த கை

பிச்சை முகம்மது நடக்கும்போது அவன் வலது கை வலது முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும். குழந்தையில் இளம்பிள்ளை வாதம் வந்து அந்தக் கால் சூம்பிப்போனது. எலும்பும் தோலும் உண்டு, நடுவில் இருக்க வேண்டிய சதை கிடையாது. விட்டால் முழங்கால் மடங்கி ஆளைக் கீழே போட்டுவிடும். அதனால் ஒவ்வொரு எட்டுக்கும் கையால் தொடையை அழுத்திப் பின்னுக்குத் தள்ளிக் கொடுப்பான். அவன் கைலிகள் எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். அப்படி நடக்கிறவர்கள் எங்கள் பக்கம் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆனால் நடக்கிற அந்தக் கையை வைத்து அவன் செய்த காரியத்தை இன்னொருத்தர் செய்து நான் பார்க்கவில்லை.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒரு டிராக்டர் பட்டறை. அதில் கியர் பெட்டி வேலைக்கு அவன்தான். பிறந்தது அவனும் நானும் ஒரே தெரு. எனக்கு அவன் மாப்ளே, அவனுக்கு நான் மாமா. நான் வன்னியம்பட்டி சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியிடம் பெரிய டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியில் எது உடைந்தாலும் பிச்சையிடம்தான் கொண்டுபோவேன். அவன் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டான், என்னைத்தான் பார்ப்பான்.

"என்ன மாமா, எதை ஒடிச்சே?"

"நான் ஒடிக்கலலே, அதுவா ஒடிஞ்சது."

"அதுவா ஒடியும். நீ சும்மா மேல உக்காந்திருந்தே. பாவம்."

அவனுக்கு ஒரே ஒரு ஏக்கம்தான் இருந்தது. அதை வெளியில் சொல்லிக்கொண்டு திரிய மாட்டான். வண்டியைச் சரிபண்ணி முடித்ததும் பட்டறை வாசலில் பத்தடி முன்னே, பத்தடி பின்னே ஓட்டிப் பார்ப்பான். அதோடு இறங்கிவிட வேண்டும். வயலில் இறக்கி உழுகிறது வேறு ஆள். எத்தனையோ வண்டிகளின் வயிற்றைத் திறந்து மூடியவன், ஒரு வயலைக்கூட உழுததில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவனுக்கு வண்டியைக் கொடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. குறை சொல்ல முடியாது. எனக்கே இல்லை.

தொண்ணூறு தாண்டி ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். அண்ணாச்சி ஒரு சின்ன டிராக்டர் வாங்கினார். கண்மாய்க்கரைக்குக் கீழே அவருக்கு ஒரு பெரிய வயல் உண்டு. கரையில் கசிகிற தண்ணீர் வருஷம் பூராவும் ஊறி, வயலின் நடுவில் ஒரு இடம் உளையாகவே கிடக்கும். கம்பை ஊன்றினால் கம்பு போய்க்கொண்டே இருக்கும். என் பெரிய வண்டி அதில் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் எடை குறைந்த வண்டி. முதல் வருஷமே அதன் டிரைவர் டிஃபரன்ஷியல் லாக்கை உடைத்துப் போட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். வண்டி பிச்சையிடம் வந்தது.

அந்த லாக்கு என்னவென்று எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கியரில் போட்டுவிட்டு, "ஒரு சக்கரத்தைச் சுத்து மாமா" என்றான். சுற்றினேன். அந்தப் பக்கத்துச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்றியது.

"பாத்தியா? ரெண்டும் தனித்தனி. திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூட ஓடணும்லா, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஆனா சேத்துல எறங்குனா இதே ஏற்பாடு காலை வாரிரும். எந்தச் சக்கரம் வழுக்கிச் சும்மா சுத்துதோ, இஞ்சின் இழுவை அம்புட்டும் அந்தச் சோம்பேறிக்குப் போயிரும். கெட்டித் தரையில நிக்கவன் பட்டினி."

"எங்க அண்ணாச்சி வீட்டுப் பந்தி மாதிரில்ல இருக்கு."

"சத்தமாச் சொல்லு, அவியளுக்குக் கேக்கட்டும்." சிரித்துக்கொண்டே சீட்டுக்கு வலது பக்கம் கீழே குதிகால் படுகிற இடத்தில் இருந்த சின்ன மிதியைக் கையால் அழுத்தினான். "செத்த முன்னப் பின்ன அசை. பல்லு பல்லுல உக்காரணும்." அசைத்தேன். உள்ளே 'டக்' என்றது. "இப்பச் சுத்து."

மலையைத் தள்ளியதுபோல நின்றது. இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சாக யாரோ வார்த்துவிட்டதுபோல.

"இனிமே ரெண்டும் ஒண்ணா நடந்தாகணும். ஒருத்தன் வழுக்கினாலும் இன்னொருத்தன் இழுத்துட்டுப் போவான். ஆனா மூணு விசயம் மாமா. சக்கரம் சுத்தும்போது மிதிக்காதே, கிளச்சை அமுக்கி நிறுத்திட்டு மிதி. மிதிச்ச மிதி மிதிச்சபடி இருக்கணும், எடுத்தா லாக்கும் விட்டுரும். மிதிச்சிட்டா நேராப் போ. ஸ்டியரிங்கைத் திருப்பினே, உள்ள பல்லோ முள்ளோ தெறிச்சிரும்."

அலமாரித் தட்டில் தெறித்துப்போன பல்சக்கரங்களைக் குவித்து வைத்திருந்தான். எல்லாம் அதே மாதிரி உடைந்தவை. உளையில் வண்டி சாய்ந்தால் டிரைவர் பதறுவான், பதறினால் கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும். காலுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியாது. எனக்கும் அதே கைதான்.

வண்டியை எடுக்க வந்த அண்ணாச்சி, புது டிரைவர் யாரும் கிடைக்கவில்லை என்று புலம்பினார். பிச்சை கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நான் ஓட்டுதேன் அண்ணாச்சி. கண்மாய் வயலுக்குத் தொளி நான் அடிச்சித் தாரேன்."

நடவுக்கு முன்னால் தண்ணீர் கட்டி உழுது சேறாக்குவதைத் தொளி அடிப்பது என்போம். உழவிலேயே அதுதான் கஷ்டம்.

அண்ணாச்சி அவன் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏலே சமுத்திரம், உன் மாப்ளே விளையாடுதானா?"

நான் தட்டில் கிடந்த ஒரு பல்சக்கரத்தை எடுத்துப் புரட்டினேன்.

"விளையாடல அண்ணாச்சி. கிளச்சு எடது காலு, அது நல்ல காலு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஆனால் பட்டென்று பேசுகிறவர். "சரிலே. ஒரே ஒரு நாள். சமுத்திரம் பெரிய வண்டியை வரப்புல நிறுத்திச் சங்கிலியோட நிக்கட்டும். நீ மாட்டிக்கிட்டுச் சங்கிலி போட்டு இழுக்கிற நிலைமை வந்துச்சுன்னா, அதோட நீ பட்டறைக்குப் போயிரு. பொறவு வண்டி கேட்டு எங்கிட்ட வரப்படாது. சங்கிலி இல்லாம வயலை முடிச்சிட்டா, இந்த வண்டி சீட்டு உனக்குத்தான்."

"சரி" என்றான் பிச்சை. முகம் வெளுத்திருந்தது.

அவன் மனைவி நூர்னிசா சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறவள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற அந்த வலைத்துணியில் கழித்தது, கிழிந்தது எல்லாம் அவர்கள் வீட்டில்தான் கிடக்கும். பால் வடிகட்ட, பிள்ளைக்கு மூக்குத் துடைக்க, தலையணைக்குள் திணிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். வயலுக்குப் போகிற அன்று காலையில் நான் பட்டறைக்குப் போனபோது, அவள் வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, லாக்கு மிதியில் அந்தத் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, வண்டிக்குக் கட்டா?"

"இவிய குதிகால்ல சதையே இல்லண்ணே. இரும்புல நாள் பூரா அமுக்குனா தோலு உரிஞ்சிரும். மெத்துன்னு இருக்கட்டும்."

பிச்சை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கியர் பெட்டியில் மயிரளவு இடைவெளியைக் கண்டுபிடிக்கிறவனுக்கு அது தப்பாகப் படவில்லை. அந்த வீட்டில் அந்தத் துணி தப்புப் பண்ணினதே கிடையாது.

ஐப்பசி. மேற்கே அய்யனார் கோவில் பக்கத்து மலை முகட்டை மேகம் மூடியிருந்தது. வயலில் கணுக்கால் தண்ணீர். வரப்பில் நடவுக்காரப் பெண்கள் நாற்றுக்கட்டுகளோடு காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி வேலுத்தாய். அவள் நாக்குக்கு ஊரே ஒதுங்கும்.

"பாய், அந்தி சாயுததுக்குள்ள முடிப்பீகளா? இல்ல நாங்க நாத்தைத் தின்னுட்டு வீட்டுக்குப் போவட்டுமா?"

"நீ தின்னது போக மிச்சம் இருந்தா நடுக்கா" என்றான் பிச்சை. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. சங்கிலி என் காலடியில் கிடந்தது.

கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரங்கள் மாட்டிய சின்ன வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. இரண்டு மூன்று சுற்று நன்றாகப் போனான். அடுத்த சுற்றில் நடு உளைக்கு வந்தான். வலது சக்கரம் பிடி விட்டுச் சுற்றியது. சேறு பனைமர உயரம் தெறித்தது. வண்டி வலது பக்கமாகச் சாய்ந்தது. இடது சக்கரம் அசையாமல் நின்றது. சோம்பேறிக்குச் சாப்பாடு போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் குனிந்து சங்கிலியை எடுத்துவிட்டேன். கை அதுவாக எடுத்தது.

பிச்சை கிளச்சை அமுக்கினான். சக்கரம் நின்றது. இடது கையை ஸ்டியரிங்கின் உச்சியில் வைத்தான். வலது கையை எடுத்துத் தன் முழங்காலுக்கு மேலே வைத்தான். தெருவில் நடக்கும்போது வைப்பானே, அதே இடத்தில், அதே மாதிரி. அழுத்தினான். குதிகால் இறங்கி மிதியை அமுக்கியது. கிளச்சை மெள்ள விட்டான். வண்டி ஒரு உதறு உதறி, இரண்டு சக்கரமும் ஒன்றாகக் கடித்து, கயிறு பிடித்ததுபோல நேராக உளையைத் தாண்டிப் போனது.

வரப்பில் இருந்தவர்களுக்கு வண்டி ஏறியது மட்டும்தான் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது வேறு. லாக்கை மிதித்தால் ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது. எங்கள் எல்லாருக்கும் அதுதான் வராத வித்தை. அவனோ மிதிக்க வேண்டுமென்றால் கையை முழங்காலுக்குக் கொடுத்தாக வேண்டும், கொடுத்துவிட்டால் மிச்சம் ஒற்றைக் கை, உளையில் ஸ்டியரிங்கை ஒடிக்க அது போதாது. திருப்ப வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும், எடுத்தால் மிதி விட்டு லாக்கு தானாகக் கழன்றுவிடும். அந்த மிஷினைச் செய்தவன் யாரோ, எந்த ஊரோ. பிச்சையின் காலைப் பார்த்து அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

சங்கிலியைக் கீழே போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் உளை வந்தது, கை முழங்காலுக்குப் போனது, வண்டி நேராகப் போனது. உளை தாண்டியதும் கை ஸ்டியரிங்குக்கு வந்தது, வண்டி திரும்பியது. நான் பீடியைப் பற்றவைக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் வயல் முடிந்திருக்கும். உளை தாண்டி மடை ஓரத்துக்கு வந்தவன் கையை எடுத்துத் திருப்பப் பார்த்தான். வண்டி திரும்பவில்லை. முன்சக்கரம் திரும்பி நின்றும் பின்னால் இரண்டும் சேர்ந்து நேராகவே தள்ளியது. சட்டென்று கிளச்சை அமுக்கிவிட்டான். முன்னே மடைக் கல்வரிசை.

"திருப்புலே!" அண்ணாச்சி கத்தினார். "நல்லா ஒடி!"

பிச்சை ஒடிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராக்கிக் கொஞ்சம் பின்னால் போனான். கொஞ்சம் முன்னால் வந்தான். பாரம் குறைந்தால் பல் கழன்றுகொள்ளும், அதற்காக. கழலவில்லை. குனிந்து மிதியைப் பார்த்தான். காலை எடுத்த பிறகும் மிதி அமுங்கியே கிடந்தது.

"லாக்கு விடல மாமா" என்றான் என்னைப் பார்த்து. இஞ்சினை நிறுத்தினான்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "என்னலே பாத்துக்கிட்டு நிக்கே? கட்டு சங்கிலியை."

நான் வரப்பிலிருந்து ஒரு காலைச் சேற்றில் வைத்தேன். சும்மா உதவலாம் என்றுதான்.

"கிட்ட வராத மாமா!" பிச்சை போட்ட சத்தத்தில் கொக்குகள் கிளம்பின. "நீ வந்தா சங்கிலி வந்த மாதிரி. அங்கேயே நில்லு. அண்ணாச்சி, வண்டி மாட்டல. ரிப்பேருதான். ரிப்பேருக்கு நீங்க ஒண்ணும் சொல்லல."

அண்ணாச்சி யோசித்தார். "சொல்லலதான்" என்றார் கடைசியில். "ஆனா எறங்க முடியுமாலே உன்னால?"

அதுதான் கேள்வி. கெட்டித் தரையிலேயே கை கொடுக்காமல் நிற்காத கால். இது மடை ஓரத்துத் தொடையளவு சேறு. பழுது இருக்கிற இடம் மிதிக்குக் கீழே, சேற்றுக்குள். இரண்டு கையும் வேண்டும். ஒரு கையைக் காலுக்குக் கொடுத்துவிட்டு ஒரு கையால் அந்த வேலை நடக்காது. கையை எடுத்தால் விழுவான்.

அவன் சீட்டிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்தான். இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி வெளியே போட்டான். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு வழுக்கி இறங்கினான். "ஆத்தி!" என்றாள் வேலுத்தாய். தொடை வரை போய் நின்றான். வலது கை வழக்கம்போலத் தொடையைத் தேடிச் சேற்றுக்குள் போனது. செத்த நேரம் அப்படியே நின்றான். பிறகு கையை வெளியே எடுத்தான். மட்கார்டையும் விட்டான்.

விழவில்லை.

சேறு அந்தக் காலை எல்லாப் பக்கமும் கவ்விப் பிடித்துக்கொண்டு நின்றது. மடங்குவதற்கு முழங்காலுக்கு இடமே இல்லை. நல்ல கால் உள்ள நாங்கள் நிற்க முடியாமல் தள்ளாடுகிற சேற்றில், அவன் கம்பம் நட்டதுபோல நின்றான். தன் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். யாரோ கொடுத்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"மாமா! இங்க பாரு! ரெண்டு கையும் சும்மா இருக்கு!"

நாற்பது வயதை நெருங்கிய மனிதன். பிடி இல்லாமல், கை கொடுக்காமல் அவன் நிமிர்ந்து நின்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. அவனும் பார்த்திருக்க மாட்டான். மேற்கே மலை, பின்னால் கண்மாய்க்கரை, நடுவில் அவன். என்னைவிட உயரமாக இருந்தான். கூனி நடக்கிறவனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

குனிந்து சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டான். கண்ணை மூடிக்கொண்டான். விரல்தான் பார்த்தது. பிறகு அவன் முகம் மாறியது. சிரிக்கவா திட்டவா என்று தெரியாத முகம்.

"ஏட்டி நூர்னிசா!" என்று அங்கே இல்லாதவளைக் கூப்பிட்டான். "கெடுத்தியே!"

மிதியில் சுற்றிய துணி சேற்றில் அவிழ்ந்து, மிதியின் தண்டிலும் அதை மேலே இழுக்கிற ஸ்பிரிங்கிலும் சுற்றி, களிமண்ணோடு சேர்ந்து மாவுக்கட்டுப் போல இறுகியிருந்தது. ஸ்பிரிங் இழுக்க முடியாமல் நின்றது. சட்டைப்பையில் கேஸ்கட் வெட்ட வைத்திருந்த பிளேடை எடுத்தான். அறுத்தான், இழுத்தான். துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"என்ன பாய், பிரசவமா?" வேலுத்தாய் கேட்டாள். "ஆம்பளப் புள்ளையா பொட்டப் புள்ளையா?"

"துணிதான் முதல்ல வருதுக்கா, புள்ள பின்னால வரும்!"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசித் துண்டையும் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஸ்பிரிங்கைத் தண்ணீரில் அலசினான். பின்சக்கரத்தை இரண்டு கையாலும் ஒரு குலுக்குக் குலுக்கினான். 'டக்'. அந்தச் சத்தம் வரப்பில் நின்ற எனக்குக் கேட்டது. மிதி மேலே வந்தது.

ஏறுவதுதான் கஷ்டமாக இருந்தது. சேறு அவனை விட மனசில்லாமல் விட்டது. மட்கார்டைப் பிடித்து உடம்பைத் தூக்கி, காலை ஒரு மூட்டையைப் போல எடுத்து மேலே வைத்தான். நாங்கள் யாரும் அசையவில்லை. இஞ்சின் கிளம்பியது. ஸ்டியரிங்கைத் திருப்பினான். வண்டி பசுமாடு போலத் திரும்பியது.

மிச்சக் கால் வயலையும் வெறுங்குதிகாலோடு மிதித்துத்தான் முடித்தான். வரப்புக்கு வந்து நின்றபோது குதிகாலில் தோல் உரிந்து ரத்தம். நூர்னிசா சொன்னதும் பொய்யில்லை. அவன் தோளில் கிடந்த அந்தத் துணியையே அலசிக் கட்டிவிட்டேன்.

வேலுத்தாய் வயலில் இறங்கித் தொளியைக் கையால் அள்ளி, விரலிடுக்கில் பிதுக்கிப் பார்த்தாள். "வெண்ணெயா இருக்கு அண்ணாச்சி" என்றாள். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

அண்ணாச்சி நெடுநேரம் அந்த மடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சை நின்ற இடத்தில் இரண்டு குழி. சேறு இன்னும் அவற்றை மூடவில்லை.

"ஏலே சமுத்திரம்" என்றார். "அந்தச் சங்கிலியை எடுத்து வீட்டுல போடு. இனிமே இந்தப் பக்கம் கொண்டாராத." பிறகு பிச்சையிடம், "நாளைக்கு மேல வயலுக்கு வந்திரு. வரும்போது பொண்டாட்டி கட்டிவிட்டதை எல்லாம் அவுத்துப் போட்டுட்டு வா."

நூர்னிசாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். மறுநாள் சைக்கிள் டயரில் ஒரு துண்டு வெட்டி, அதைக் கம்பி போட்டு மிதியில் இறுக்கியிருந்தாள். அது அவிழவே இல்லை. பிச்சை ஏழெட்டு வருஷமாக அந்தச் சீட்டில்தான் இருக்கிறான். செண்பகத்தோப்புப் பக்கத்து மாந்தோப்பு வரை அவனைத்தான் தேடி வருகிறார்கள். அந்த வண்டியில் அதன் பிறகு ஒரு பல் தெறித்ததில்லை.

எப்போதாவது அவனுக்கு உடம்புக்கு முடியாத நாளில் அந்தச் சின்ன வண்டியை நான் எடுப்பேன். உளை வரும். வண்டி சாயும். என் கை முன்னைப்போல ஸ்டியரிங்கை ஒடிக்கப் பதறும். அப்போது நான் வலது கையை எடுத்து முழங்காலுக்கு மேலே வைத்து அழுத்திக்கொள்வேன். எனக்கு இரண்டு காலும் நல்ல கால். பார்க்கிறவர்கள் எனக்கு என்ன வந்தது என்று கேட்கிறார்கள். வண்டி மட்டும் நேராகப் போகிறது.